கூரைக்கு முன் பட்டா

(பங்கின் பொன்விழாக் கூட்டத்தில் புனித வின்சென்ட் தே பவுல் சபையார் ஆற்றிய உரை)



கோவில் எழும்பிய வரலாற்றை எங்களுக்கு முன் பேசியவர்கள் அழகாகச் சொல்லிவிட்டார்கள். எங்களுக்குக் கொடுத்த பத்து நிமிடத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டைப் பற்றிப் பேசுகிறோம்.

பட்டணத்தில் வீடற்றவர் நடைபாதையில் படுத்திருப்பார், கண்ணுக்குத் தெரிவார். கொல்லிமலையில் அவர் தெரிவதில்லை. அண்ணன் வீட்டு ஒரே அறையில் மூன்று குடும்பமாக ஒண்டியிருப்பார். அல்லது மிளகு பறிக்கக் கேரளத்துக்கும், காப்பித் தோட்ட வேலைக்குக் குடகுக்கும் போயிருப்பார். திரும்பி வரும்போது மழையில் கரைந்த மண்சுவர்தான் அவரை வரவேற்கும். கடனுக்காக நிலத்தை ஈடு வைத்தவர் நிலை இன்னும் மோசம். மரவள்ளி விலை சரிந்த ஆண்டில் மீட்க முடியாமற் போனால், நிலத்தோடு வீடும் போயிற்று.

முன்பு புல் வேய்ந்த வீட்டுக்கு ரொக்கம் வேண்டியதில்லை. ஊர் கூடி வேய்ந்துவிடும். இப்போது புல்லும் குறைந்தது, கூடுவதற்கு ஆளும் குறைந்தது. தகரத்துக்கும் சிமெண்டுக்கும் பணம் வேண்டும்.

பணம் தர அரசு முன்வராமல் இல்லை. 1985இல் இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம், 2010இல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம், 2011இல் பசுமை வீடு, 2016இல் பிரதமர் பெயரிலான திட்டம் என்று வரிசையாக வந்தன. 2024இல் அறிவித்த ‘கலைஞரின் கனவு இல்லம்’ 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் தருகிறது. நல்ல திட்டம்தான். ஆனால் மனை தம்முடையது என்று காட்டவேண்டும். தொகையும் அஸ்திவாரம், ஜன்னல் மட்டம், கூரை என்று வேலை முடிய முடியத்தான் வரும். ஏழை சிக்கிக்கொள்வது இந்த இரண்டு இடத்தில்தான்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு கைம்பெண்ணின் நிலத்துக்குப் பட்டா, அவர் கணவருடைய பாட்டனார் பெயரிலேயே இருந்தது. பாட்டனார் காலமாகி நாற்பது வருடம். வாரிசுகளில் ஒருவர் குடகில். ஒருவர் எங்கேயென்றே தெரியவில்லை. வாரிசுச் சான்று, உட்பிரிவு, அளவை என்று ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு அந்த அம்மாள் அலைந்தார். ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போயிற்று. நாங்கள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. படிவம் எழுதினோம், கூடவே போனோம், குடகிலிருந்தவருக்குப் பேருந்துக் கட்டணம் கொடுத்து வரவழைத்தோம். பட்டா வர இரண்டு வருடமாயிற்று. அதுவரை ஐந்து பேரும் நாத்தனார் வீட்டுத் திண்ணையில்.

வன எல்லையில் குடியிருப்போருக்கு 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இருக்கிறது. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அங்கு வாழ்ந்து பயிரிட்ட பழங்குடியினர் உரிமை கோரலாம். மனுவை முதலில் எடுத்துக்கொள்வது கிராம சபை. அன்றைக்கு வேலைக்குப் போய்விட்டு, பிறகு வருந்திப் பயனில்லை.

இரண்டாவது தடை, சுமை. 1913இல் இங்கு வந்த பாப்டிஸ்ட் மிஷனரி ஜெஸ்ஸி பிராண்ட் தம் வீட்டுக்கான பலகைகளைச் சுமையாட்களைக் கொண்டுதான் மலையேற்றினார். அவர் நம் சபையினர் அல்லர். ஆயினும் 1929இல் காய்ச்சலில் மாண்டு இம்மண்ணிலேயே அடங்கியவரை நாம் மறப்பதற்கில்லை. இன்று 70 கொண்டை ஊசி வளைவுகளோடு சாலை இருக்கிறது. ஆனால் சாலை முடிகிற இடத்தில் எல்லாருடைய வீடும் இல்லையே! அங்கிருந்து தலைச்சுமைக் கூலி கொடுத்தே முதல் தவணை கரைந்து, அஸ்திவாரத்தோடு நின்றுபோன வீடுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

1643இல் பாரிஸ் நகரில் புனித வின்சென்ட், கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக 13 சிறு வீடுகளை ஏற்படுத்தினார். அதன் நினைவாக வின்சென்ட் குடும்பத்தினர் 2018இல் ‘13 வீடுகள்’ இயக்கத்தைத் தொடங்கி, பல நாடுகளில் வீடற்றோருக்கு உதவி வருகிறார்கள். நமக்குப் பதின்மூன்று வேண்டாம், ஒன்றை முடிப்போம்.

அந்த அம்மாளின் அஸ்திவாரம் எழும்பியிருக்கிறது. ஆய்வு முடிந்து பணம் வரும்வரை வேலை நிற்காதிருக்கச் சபை நிதியிலிருந்து வட்டியில்லாக் கைமாற்று கொடுத்திருக்கிறோம். திரும்பி வருமா என்று சிலர் கேட்டார்கள். தவணை வந்ததும் வரும், தாமதமானால் பொறுப்போம். மணலும் சிமெண்டும் சாலையோரத்தில் இறங்கியிருக்கின்றன. அங்கிருந்து வீட்டுக்கு ஒரு மைல் ஒற்றையடிப் பாதை. வருகிற சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு இளைஞர் மன்றத்தார் சாக்கும் சும்மாடும் கொண்டு வாருங்கள். தகப்பனார், பாட்டனார் பெயரில் இன்னும் பட்டா வைத்திருப்போர், ஞாயிறு பூசை முடிந்ததும் அந்தக் காகிதத்தோடு எங்களை வந்து பாருங்கள்.