குக்கரில் வெந்த மரத்தூள்

ஈர விறகை அடுப்பில் வைத்தால் புகைதான் மிஞ்சும். மர அறுவை மில்லில் குவியும் ஈரத்தூளும் அப்படித்தான். ஆனால் அதைக் காய வைக்க வேண்டாம். தண்ணீரோடு சேர்த்து, இறுக மூடிய கலத்தில், 200 டிகிரி அளவில் சில மணி நேரம் வேக வைத்தால் பழுப்பு நிலக்கரி போன்ற கரி கிடைக்கும். பெரிய குக்கர் என்று வைத்துக்கொள்ளுங்களேன், விசில் மட்டும் அடிக்காது. ஜெர்மன் வேதியியலாளர் ஃபிரீட்ரிக் பெர்கியஸ் 1913-லேயே இதை விளக்கிவிட்டார். அவ்வளவு தண்ணீரைக் காய்ச்சுவது வீண்செலவு இல்லையா? நியாயமான கேள்வி. ஆவியாக்கத்தான் அதிகச் சூடு தேவை. அழுத்தத்தில் தண்ணீர் தண்ணீராகவே இருக்கிறது. அந்த வெந்நீரின் சூடு அடுத்த ஈட்டுக்கும் உதவும். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவு மட்டும் தப்பாது. உள்ளே போட்டது காய வைக்காத தூள்தான். ஆனால் வெந்த கரியைப் பிழிந்தால் நீர் சுலபமாக வடிகிறது, காய்ந்ததும் விரலில் நசுக்கினாலே பொடிகிறது.