பினாங்கில் ஒரு டாக்டர் வீடு
(சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



என்ஜினியர் வந்து ஏதோ மெஷினைப் பற்றிப் பேசப் போகிறான் என்று நினைத்திருப்பீர்கள். நான் பேசப் போவது ஒரு பழைய வீட்டைப் பற்றி.

பினாங்கு நம்ம பக்கத்து ஆட்களுக்கு அத்தை வீடு மாதிரி. 1973 வரை ஓடிய ரஜூலா கப்பலில் போய் வந்த குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் எத்தனையோ உண்டு. அங்கே, 1801-ல் நம் தமிழ் முஸ்லிம்கள் தொடங்கிய கப்பித்தான் பள்ளிவாசலிலிருந்து பொடிநடையாக நடந்தால் ஆர்மீனியன் தெரு வரும். கதவு எண் 120. அதுதான் டாக்டர் சன் யாட் சென் காட்சியகம்.

சன் யாட் சென் 1892-ல் ஹாங்காங்கில் மருத்துவம் படித்துத் தேறியவர். மக்காவிலும் கான்டனிலும் வைத்தியம் பார்த்தார். சீன மன்னராட்சியை எதிர்த்து 1895-ல் செய்த கிளர்ச்சி தோற்கவே, நாட்டை விட்டு ஓடவேண்டியதாயிற்று. ஊர் ஊராகச் சுற்றி, 1910-ல் பினாங்குக்கு வந்தார். அந்த நவம்பரில் ஆர்மீனியன் தெரு வீட்டில் கூடிய கூட்டத்தில் உட்கார்ந்த இடத்திலேயே 8,000 டாலர் திரண்டது. கொடுத்தவர்கள் பிழைக்கப் போன சீனர்கள். அந்தப் பணத்தோடு 1911 ஏப்ரலில் கான்டனில் நடந்த கிளர்ச்சியும் தோற்றது. செத்தவர்களில் 72 பேரை ஒரே இடத்தில் புதைத்தார்கள். அதே அக்டோபரில் வூச்சாங்கில் ஜெயித்தது. 1912 ஜனவரி 1 அன்று டாக்டர் தற்காலிக ஜனாதிபதி ஆனார்.

அவர் குடும்பத்தோடு குடியிருந்தது வேறு தெருவில். இது சங்க ஆபீஸ், அவ்வளவுதான். மாளிகையும் இல்லை. குறுகலான முகப்பு, உள்ளே போகப்போக நீளம், நடுவில் வானம் பார்த்த முற்றம். நம்ம ஊர் வீட்டுக்குள் நுழைந்த மாதிரியே இருந்தது. 1926-ல் இதை வாங்கிய குடும்பம் விற்காமல் வைத்திருந்ததால்தான் வீடு தப்பியது. அந்தக் குடும்பத்துப் பேத்தி கூ சல்மா நசுத்தியோன், பினாங்குச் சூலியாக்களைப் பற்றி, அதாவது நம்மவர்களைப் பற்றி, 2014-ல் பெரிய புத்தகமே எழுதியிருக்கிறார். நம் சரித்திரத்தை அவங்க எழுதவேண்டியிருக்கிறது, பாருங்கள்.

ராமேசுவரத்தில் கலாம் வீட்டுக்குத் தினமும் கூட்டம். பெரிய பெயர் இருந்தால் வீடு பிழைத்துக்கொள்ளும். பெயர் இல்லாத வீடு?

நம் பகுதியில் அக்கரைப் பணத்தில் கட்டிய சுண்ணாம்பு வீடுகள் ஒவ்வொன்றாக விழுகின்றன. உடையவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பங்காளி ஏழு பேர், பராமரிக்க ஆள் இல்லை. ஆனால் நல்லெண்ணத்தில் செய்யும் ஒரு காரியமே வீட்டைக் கெடுக்கிறது. சுவர் பொரிந்தால் உடனே சிமெண்ட் பூசிவிடுகிறோம். கடலோர மண்ணில் உப்பு ஈரம் சுவர் வழியே ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் விடாது. ஈரம் உள்ளேயே நின்று, உப்பு பூத்து, செங்கல்லையே தின்றுவிடும். பழையபடி சுண்ணாம்பே பூசுங்கள். செலவு கொஞ்சம் கூடினாலும் சுவர் நிற்கும்.

நாற்பத்தெட்டு மடை என்று கண்மாய்க்குக் கணக்குச் சொல்லும் ஊர் நம் ஆர்.எஸ்.மங்கலம். பழைய வீடு எத்தனை என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் சொல்லுவோம்? இடிப்பதைத் தடுக்க நம்மால் முடியாது. இடிக்குமுன் அளந்து, படம் எடுத்து, கட்டியவர் யார், எந்த ஊர் பணம் என்று பெரியவங்களிடம் கேட்டு எழுதிவைக்க முடியும். ஒரு வீட்டுக்கு மூன்று மாணவர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். டேப்பும் ஏணியும் என் செலவு. பெயர் கொடுப்பவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு என்னைப் பாருங்கள்.