உப்புக் காற்றில் இரும்பு வீடு

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் பிரம்மதேசத்தைத் தாண்டியதுமே காற்றில் உப்பு வந்துவிடும். இந்தப் பக்கம் மனை வாங்கிப் போட்டவர்களில் சிலர் இப்போது ஒன்று கேட்கிறார்கள்: "செங்கல், மணல் விற்கிற விலையில், ஒரு பழைய கன்டெய்னரை இறக்கி வீடாக்கிக்கொண்டால் என்ன?"

கேட்பதில் தப்பில்லை. 2022 செப்டம்பரில் கன்னியாகுமரியில் புறப்பட்ட இந்திய ஒற்றுமைப் பயணத்தில், லாரிகளில் ஏற்றிய ஏறத்தாழ 60 கன்டெய்னர்களில்தான் ஆட்கள் படுத்து எழுந்து காஷ்மீர் வரை போனார்கள். ஆம்ஸ்டர்டாமில் ஆயிரம் மாணவர் அறைகளை இந்த வடிவத்திலேயே அடுக்கினார்கள். ஆனால் அவை மரக்காணத்து உப்பளக் காற்றில் வருடக்கணக்காக நிற்கவில்லை.

கடலையே தாண்டி வந்த பெட்டியை மரக்காணத்து உப்பு என்ன செய்துவிடும் என்று தோன்றும். 1956-இல் மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி 58 பெட்டிகளைக் கப்பலேற்றித் தொடங்கிவைத்த ஏற்பாடு இது. ஓடிக்கொண்டே இருப்பதற்கென்று செய்த பெட்டி. ஓடுகிற காலத்தில் அதைப் பரிசோதிக்க சர்வதேச விதி உண்டு: முதல் சோதனை ஐந்து வருடத்துக்குள், அப்புறம் 30 மாதத்துக்கு ஒரு முறை. துரு கண்ட இடத்தைச் சுரண்டி வண்ணம் அடித்துத்தான் திரும்ப அனுப்புவார்கள். உங்கள் மனையில் இறங்கிய நாளோடு அந்தக் கவனிப்பு நின்றுவிடுகிறது.

அதன் எஃகில் செம்பும் குரோமியமும் கொஞ்சம் கலந்திருக்கும். மேலே படிகிற துருவே இறுகிக் கவசமாகி, உள்ளே இருப்பதைக் காக்கும் என்பது கணக்கு. உப்புக் காற்றில் அந்தக் கவசம் இறுகாது. பொருக்குப் பொருக்காக உதிரும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். ஐப்பசியில் அடுக்களை உப்புச் சாடியைத் திறந்தவர்களுக்கு இது தெரியும். கடலோர இரவுகளில் சுவரில் படிந்த உப்பும் அப்படித்தான் நனைந்து கிடக்கும். அடிச்சட்டம், கதவுக் கீல், வெல்டிங் போட்ட இணைப்பு என்று கண்ணில் படாத இடமாகப் பார்த்து அரிக்கும்.

அடுத்தது புயல். 2011 டிசம்பர் 30-இல் கரை கடந்த தானேயில் மணிக்கு 140 கிலோமீட்டர் வரை காற்று அடித்தது. அந்த வேகத்தில் வரும் காற்று, 20 அடிப் பெட்டியின் பக்கவாட்டை ஏறக்குறைய இரண்டு டன் விசையோடு தள்ளும். காலிப் பெட்டியின் எடையோ இரண்டேகால் டன்தான். வெள்ளம் வந்தால் இன்னொரு கதை. தண்ணீர் புகாமல் மூடிய வெற்றுப் பெட்டி, தளத்துக்கு மேல் ஒரு சாண் தண்ணீருக்கே மிதக்கும். 2025 மே மாதம் கேரளத்துக்கு அப்பால் ஒரு கப்பல் மூழ்கியபோது, கொல்லம் கரைக்கு கன்டெய்னர்கள் மிதந்து வந்தது நினைவிருக்கும். அதனால், தரையில் கான்கிரீட் தூண் எழுப்பி, பெட்டியை உயரத்தில் வைத்து, நான்கு மூலை வார்ப்புகளையும் தூணோடு போல்ட் போட்டுப் பிணைக்க வேண்டும். பாரம் தாங்குவதும் அந்த மூலைகள்தான். ஜன்னலுக்காகப் பக்கத் தகட்டை வெட்டினால் பலம் குறையும். வெட்டிய வாயைச் சுற்றி எஃகுச் சட்டம் வைத்தே தீர வேண்டும்.

வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா? 2004 சுனாமிக்குப் பிறகு தார்த் தகட்டுக் குடியிருப்புகளில் மக்கள் பட்ட பாடு இந்தக் கடற்கரைக்குத் தெரியும். பெட்டியின் மேல் இரண்டடி இடைவெளி விட்டுத் தனியாக ஒரு கூரை போடுங்கள். வெயிலும் மழையும் நேரே படாது, துருவும் தாமதிக்கும். உள்ளே இருக்கும் அகலமே ஏழே முக்கால் அடிக்குள். வெப்பத் தடுப்பு அட்டையை உட்பக்கம் ஒட்டினால் அதிலும் அரையடி போகும். வெளிப்பக்கம் ஒட்டுவதே மேல்.

தூண், கூரை, வெப்பத் தடுப்பு, வண்ணம், கிரேன் வாடகை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், பெட்டியின் விலை பாதிகூட இருக்காது என்பது என் கணிப்பு. சிக்கனத்துக்காக என்றால், இந்தக் கரையில் இதை நான் சொல்ல மாட்டேன். காவல் அறை, கிடங்கு, பின்னால் வேறு இடத்துக்குத் தூக்கிப்போக வேண்டிய கடை என்றால் தாராளமாக வாங்கலாம். 'கட்டடமே இல்லை, பெட்டிதானே' என்ற சமாதானம் மட்டும் வேண்டாம்; உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை விதி உண்டு. முதலில் அனுமதியைக் கேளுங்கள்.

வாங்கப் போகும்போது கதவிலுள்ள தகட்டைப் படியுங்கள். தயாரித்த மாதமும் வருடமும் அதில் இருக்கும். தரைப் பலகைக்கு அடித்த பூச்சி மருந்தின் பெயரையும் அங்கே தேடுங்கள். அந்தப் பலகையின் மேல்தான் குழந்தைகள் தவழப் போகிறார்கள். பிறகு பட்டப்பகலில் உள்ளே நின்று, கதவைச் சாத்தச் சொல்லுங்கள். எங்காவது ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் அங்கே ஓட்டை என்று அர்த்தம். அதைக் காட்டி விலையைக் குறைத்துக் கேளுங்கள், இல்லையென்றால் அடுத்த பெட்டியைப் பாருங்கள்.