தலைக் காயமும் சட்டத்தின் துணையும்

கால் ஒடிந்தவர் பேருந்தில் ஏறினால் நாம் எழுந்து இடம் கொடுக்கிறோம். அவருக்காக ஊன்றுகோலே பேசிவிடுகிறது. சாலை விபத்தில் தலையிலே அடிபட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து தம் காலால் நடந்தே வீடு திரும்பியவருக்கோ அப்படிப் பேசுவதற்கு ஒன்றுமில்லை. தையல் ஆறிவிட்டது, முடி வளர்ந்து தழும்பை மூடிவிட்டது. ஆனால் காலையில் சொன்னது மாலையில் நினைவில் இல்லை. காரணமின்றிச் சினம் பொங்குகிறது. கடைக்காரர் தந்த சில்லறையை எண்ணத் தெரியவில்லை. "நன்றாகத்தானே இருக்கிறார்" என்கிறார்கள் அண்டை அயலார். இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியின் வக்கீலும் அதையேதான் சொல்வார். கண்ணுக்குப் புலப்படாத இக்காயத்தை நியாயஸ்தலத்துக்குப் புலப்படச் செய்வது எவ்வாறு என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு முதல் மலைப்பு, எங்கே வழக்குத் தொடுப்பது என்பது. விடுமுறைக்கு ஊர் சென்றபோது விழுப்புரத்தருகே விபத்து நேர்ந்தது, குடியிருப்பதோ சூரத்தில். வாய்தா தோறும் ரயிலேற வேண்டுமோ என்று அஞ்சி, வழக்கையே கைவிடுவோர் உண்டு. அவ்வச்சம் வேண்டுவதில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவு, மனுதாரர் வசிக்கும் இடத்து டிரிபியூனலிலேயே நஷ்ட ஈட்டு மனுவைக் கொடுக்க இடமளிக்கிறது. தம் நலனைத் தாமே காத்துக்கொள்ள இயலாத நிலையில் இருப்பவருக்காக உறவினர் ஒருவர் வழக்காடலாம். 2022 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம், விபத்து நிகழ்ந்த ஆறு மாதத்துக்குள் மனுக் கொடுக்க வேண்டும் என்கிறது. இக்கெடு நீதிமன்றத்தில் ஆட்சேபிக்கப்பட்டது உண்மையே. ஆயினும் அதை நம்பித் தாமதிப்பது விவேகமாகாது.

இனி, எவ்வளவு கேட்பது? ஊனம் இத்தனை சதவீதம் என்று டாக்டர் தரும் கணக்கு வேறு, பிழைப்பில் நேர்ந்த நஷ்டம் வேறு என்று உச்ச நீதிமன்றம் 2010இல் தெளிவுபடுத்தியது. இடக்கையை இழந்த தச்சருக்குத் தொழிலே போய்விடும். குமாஸ்தாவோ ஒருவாறு வேலை பார்த்துவிடுவார். தலைக் காயத்தில் இதுவே தலைகீழாகும். கைகால் குறையாத ஒரு கணக்கர், நினைவு குன்றினால் வேலைக்கே உதவார்.

அரியானாவில் நிகழ்ந்த ஒரு வழக்கை இங்கே விரிவாகச் சொல்வது தகும். 2007இல் பெற்றோருடன் டிராக்டரில் சென்ற 12 வயதுச் சிறுமி, லாரி மோதியதால் மூளையில் பெருங்காயமுற்றாள். உடல் வளரும், அறிவோ ஒன்பது மாதக் குழந்தையின் அளவிலேயே நின்றுவிட்டது. டிரிபியூனல் வழங்கியது சுமார் 11 லட்சம் ரூபாய். உயர் நீதிமன்றம் அதனை 25 லட்சத்துக்கு மேல் உயர்த்தியது. 2020 பிப்ரவரி 5ஆம் நாள் உச்ச நீதிமன்றம் விதித்த தொகையோ வட்டி நீங்கலாக 62,27,000 ரூபாய். ஒருவர் மாற்றி ஒருவராக இரு பணியாட்கள் அவளுக்குத் தேவை எனக் கொண்டு, ஆளுக்கு மாதம் 5,000 ரூபாயாகக் கணக்கிட்டதும் அதில் அடங்கும். தாய் சம்பளமின்றிச் செய்யும் ஊழியத்துக்கு விலையே இல்லை என்று எண்ணுவோர் இத்தீர்ப்பைக் கருத்தில் கொள்க.

அத்தாட்சியைப் பற்றி ஒன்று. ஆஸ்பத்திரிக் காகிதத்தில் கிளாஸ்கோ கோமா அளவு என்று ஓர் எண் இருக்கும். 1974இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர் இருவர் வகுத்த முறை அது. 3 முதல் 15 வரை செல்லும். 13 அல்லது அதற்கு மேற்பட்டால் 'மைல்டு' என்று எழுதுவார்கள். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல்லின்மீது நெடுநாள் மனத்தாங்கல். 'இலேசான காயம்' என்று தமிழிலோ இந்தியிலோ பெயர்த்துவிட்டால், வழக்கே இலேசாகிவிடுகிறது. அந்த எண் குறிப்பது, அளந்த வேளையில் நோயாளிக்கு எவ்வளவு பிரக்ஞை இருந்தது என்பதையே. ஓராண்டு கழித்து அவர் எப்படி இருப்பார் என்பதை அது சொல்லாது. அதற்கு, நினைவையும் கவனத்தையும் அளக்கும் உளவியல் சோதனை வேண்டும்; பெங்களூர் நிம்ஹான்ஸ் போன்ற நிலையங்களில் அது நடைபெறுகிறது. அச்சோதனைக்கு முன்பாக எந்த ராஜிப் பத்திரத்திலும் கையெழுத்திடலாகாது.

2016ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை ஊனங்களைக் குறிப்பிடுகிறது. மூளைக் காயத்தின் பெயர் அப்பட்டியலில் இல்லை. இது குறையே. பேச்சுக் குறை, இயக்கக் குறை என எஞ்சிய விளைவுகளைக் கொண்டே சான்றிதழ் பெற வேண்டியிருக்கிறது. எனினும் அச்சட்டத்தின் 20ஆம் பிரிவு ஒரு பாதுகாப்பு அளிக்கிறது: சர்க்கார் ஊழியர் பணிக் காலத்தில் ஊனமுற்றால் அவரை நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது.

வக்கீலுக்குப் பணமில்லாதவர் 15100 என்ற எண்ணில் சட்ட உதவி ஆணையத்தை அழைக்கலாம். ஊனமுற்றோருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பின்றி இலவச உதவி உண்டு. செல்லும்போது ஒரு நோட்டுப் புத்தகமும் உடன் இருக்கட்டும்: எந்த நாளில் எதை மறந்தார், எப்போது வழி தவறினார், யார் உடன் இருந்தார் என்று வீட்டார் தேதியிட்டு எழுதி வந்தது.