காணி இல்லாதவர் நீதிபதியான கதை



பிரஜாவுரிமை இல்லாவிட்டால் எவ்வளவு படித்தும் பயனில்லை என்று நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டே நாம் வளர்ந்தோம். அது எவ்வளவு உண்மை என்பதையும், அதை மாற்றலாம் என்பதையும் காட்டிய ஒருவரைப் பற்றி இன்று பேசுவோம்.

அவர் தலிப் சிங் சௌந்த். 1899இல் பஞ்சாபில், அமிர்தசரசுக்கு அருகிலுள்ள கிராமமொன்றில் பிறந்தவர். 1920இல் அமெரிக்கா சென்று, 1924இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஆனால் கிடைத்ததோ பருத்தி பறிக்கும் கூட்டத்துக்குக் கங்காணி வேலை. இந்தியர் அமெரிக்கப் பிரஜையாக முடியாது என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1923இல் தீர்த்திருந்தது. பிரஜையாக முடியாதவர் விவசாயக் காணி வாங்கவும் கலிபோர்னியாவில் தடை. அவர் பாடுபட்டு விவசாயம் செய்தார். காணி மட்டும் அவர் பெயரில் இல்லை.

தனியாளாகப் புலம்பிப் பயனில்லை என்று கண்டு, மற்ற இந்தியரோடு சேர்ந்து சங்கம் அமைத்துப் போராடினார். 1946இல் சட்டம் மாறியது. 1949இல் பிரஜையானார். அங்கே சிறிய நீதிமன்றங்களின் நீதிபதியை மக்களே வாக்களித்துத் தெரிவு செய்வார்கள். 1950இல் வெஸ்ட்மோர்லண்ட் என்ற ஊரில் போட்டியிட்டு வென்றார். பிரஜையாகி ஓராண்டு நிறையவில்லை என்று பதவியை மறுத்துவிட்டார்கள். அவர் ஓயவில்லை. 1952இல் மீண்டும் நின்று, வென்று, நீதிபதி ஆசனத்தில் அமர்ந்தார். 1956இல் அமெரிக்க காங்கிரசின் பிரதிநிதிகள் சபைக்கும் தெரிவானார். மூன்று தடவை மக்கள் அவரை அங்கே அனுப்பினார்கள்.

தோழர்களே, இந்தக் கதை நமக்குப் புதியதா? 1948இல் நம்மவர் பெரும்பாலானோரின் பிரஜாவுரிமை போயிற்று. 1949இல் வாக்கும் போயிற்று. எஞ்சியிருந்தோருக்கு வழிசெய்த சட்டம் வர 2003 ஆயிற்று. அதுவும் யாரும் சும்மா தந்ததல்ல.

மக்கள் தந்த வெற்றியையே ஒரு திகதியைக் காட்டி சௌந்திடமிருந்து பறித்தார்கள். ஆகவே பத்திரங்களை அலட்சியம் செய்யாதிருப்போம். பிள்ளையின் பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, வாக்காளர் இடாப்பில் பெயர், மூன்றும் சரியா என்று ஒவ்வொரு லயத்திலும் பார்ப்போம். குறை இருந்தால் இன்றே தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள். கிராம உத்தியோகத்தரிடம் சேர்ந்தே போவோம். சட்டம் படிக்க விரும்பும் பிள்ளையைக் கொழுந்து பறிக்க அனுப்பாமல் படிக்க வைப்போம். நாளை அந்த ஆசனத்தில் நம் பிள்ளையும் அமரட்டும்.