துயருறும் தாசனும் தோட்டத்துத் தமிழும்



ஏசாயா நூலின் 52ஆம் அதிகாரம் 13ஆம் வசனம் முதல் 53ஆம் அதிகார முடிவு வரை செல்லும் பகுதியைத் துயருறும் தாசனின் பாடல் என்பர். எபிரேய மூலச் சொல் 'எபெத்'. அடிமை, பணியாள், அரசனின் அலுவலர் ஆகிய மூவரையும் அது குறிக்கும். 1871இல் வெளிவந்த பவர் மொழிபெயர்ப்பின் மரபு 'தாசன்' என்றது. 1995இல் வந்த திருவிவிலியம் 'ஊழியர்' என்கிறது. திருவிதாங்கூரில் ஊழியம் என்பது கூலியில்லாக் கட்டாய வேலையைக் குறித்தது என்பதையும் இங்கு நினைத்துக்கொள்ளலாம்.

பெயரைவிடச் சுட்டுச்சொல்லே என் கருத்தை ஈர்க்கிறது. 'தாசன்' என்னும் ஒருமைப் பெயரைப் பழைய மொழிபெயர்ப்பு 'அவர்' என்று சுட்டுகிறது. எபிரேயத்தில் அவன், அவர் என்னும் வேறுபாடு இல்லை. யூத உரையாசிரியர் ராஷி அத்தாசனை இஸ்ரவேல் இனமாகக் கண்டார்; அதே நூலின் 49ஆம் அதிகாரம் இஸ்ரவேலையே தாசன் என விளிக்கிறது. கிறித்தவர்களோ இயேசுவைக் கண்டனர். எத்தியோப்பிய அமைச்சருக்குப் பிலிப்பு தந்த விளக்கம் அதுவே. தமிழில், உரைகாரர் வாய் திறக்குமுன் இலக்கணமே அவ்விளக்கத்தைச் சொல்லிவிடுகிறது.

நெகிரி செம்பிலான் இரப்பர்த் தோட்டங்களில் இதனைக் கேட்டவர் யார்? விடியற்காலைப் பிரட்டில் 'அவன்', 'இவன்' என அழைக்கப்பட்டவர்; 'கூலி' என, வாங்கும் காசின் பெயரே ஆளின் பெயராகிவிட்டவர்; 1942, 43இல் சயாம் மரண இரயில் பாதைக்குச் சென்று திரும்பாதோரின் உறவினர். அடிபட்டு வாய் திறவாத ஒருவருக்கு 'அவர்' என்னும் மரியாதை கிடைப்பது அவர்கள் செவிக்குச் சிறு செய்தியன்று.

ஆயினும் ஓர் இடர் உண்டு. பேதுருவின் முதல் நிருபம் 2ஆம் அதிகாரம் இப்பாடலை வீட்டடிமைகளுக்குப் பணிவைக் கற்பிக்கும் இடத்தில் எடுத்தாள்கிறது. 'நீயும் வாய் திறவாதிரு' என்னும் பொருள் கங்காணிக்கும் துரைக்கும் மிக வசதியானது. பாடல் அப்பொருளைத் தரவில்லை என்பேன். அதில் தாசனுக்குக் கட்டளை ஏதுமில்லை. பேசுவோர் 'நாங்கள்' என்னும் பார்வையாளர்கள். கடவுளே அவரைத் தண்டித்தார் என்று கருதி, அது பிழையென்று பின்னர் உணர்ந்தவர்கள். லயத்தில் வாழ்ந்தவனின் துயரைத் தலைவிதி என்று கூறி நகர்ந்த நம் போன்றோரின் இடமும் அதுவே. மனந்திரும்ப வேண்டியவர் துயருற்றவர் அல்லர்.

'ஊழியர்' என்னும் புதிய சொல்லில் பெயரும் சுட்டும் பிணக்கின்றிப் பொருந்துகின்றன. எனக்கோ, 'தாசன்' என்னும் தாழ்ந்த பெயரும் 'அவர்' என்னும் உயர்ந்த சுட்டும் அருகருகே நின்று மோதும் பழைய வடிவமே உகந்தது.