படுக்கையன்று, நடையே மருந்து

(கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

1929இல் போ தோட்டம் தோன்றிய காலந்தொட்டு இம்மலைச் சரிவுகளில் நம்மவர் கொழுந்து பறித்து வந்திருக்கின்றனர். மழையில் நனைந்த மண்படியில் கால் வழுக்கினால் இடுப்பெலும்பு முறியலாம். இருட்டில் பால்வாளி சுமக்கும் ரப்பர்த் தோட்டத் தோழருக்கும் இதே ஆபத்து உண்டு. வயது ஏறி எலும்பு வலுவிழந்த தாய்மாருக்கோ, குளியலறையில் விழுந்தாலே போதும்.

விழுந்தவரைக் கண்டதும், “இனிக் கிடந்த கிடைதான்” என்று சொல்லிவிடுகிறோம். இந்த எண்ணத்தை ஒழிக்க வேண்டுமென்றே இன்று பேசுகிறோம்.

முறிந்த இடத்தை எண்ணெய் தடவி உருவாதீர்கள். உடனே 999க்கு அழையுங்கள். ஈப்போவுக்கு இறங்க நேர்ந்தாலும் தயங்காதீர்கள். அறுவை ஓரிரு நாளில் நடப்பது நல்லது. தகடு, திருகாணி கொண்டு எலும்பைப் பொருத்துவார்கள். அல்லது செயற்கை மூட்டு வைப்பார்கள்.

பெரும்பாலும் மறுநாளே எழுந்து நிற்கச் சொல்வார்கள். அது கொடுமையன்று, அதுவே சிகிச்சை. படுத்தே கிடந்தால் படுக்கைப் புண் வரும், நுரையீரலில் சளி கட்டும், காலில் இரத்தம் உறையும், தசை கரையும்.

வீடு திரும்பியபின் பிசியோதெரப்பி தவணைகளைத் தவறவிடாதீர்கள். படியேறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள். இறங்கும்போது நோயுள்ள காலை முதலில் வையுங்கள். ஊன்றுகோல் நல்ல கால் பக்கத்துக் கையில் இருக்கட்டும். செயற்கை மூட்டு வைத்தவர் குந்தலாமா, தாழ்ந்த பலகையில் உட்காரலாமா என்று மருத்துவரைக் கேட்டறிய வேண்டும். லயத்து வீட்டில் உயரமான நாற்காலி, கழிப்பறையில் கைப்பிடி, இரவில் விளக்கு ஆகியவற்றைப் பிள்ளைகள் அமைத்துத் தரவேண்டும். நன்கு நடமாடப் பல மாதங்கள் ஆகலாம், மனந்தளர வேண்டாம்.

“அதுவரை அடுப்பு எரிவது எப்படி?” என்று கேட்பீர்கள். அதற்குத்தான் 1969ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வேலையிலோ, வேலைக்குப் போய்வரும் வழியிலோ அடிபட்டுக் குறைந்தது 4 நாள் மருத்துவ விடுப்பு கிடைத்தால், சொக்சோ கணக்கிடும் நாட்கூலியில் 80 விழுக்காடு கிடைக்கும். முதலாளி 48 மணி நேரத்தில் விபத்தை அறிவிக்க வேண்டும். மீண்டும் வேலைக்குத் திரும்ப உதவும் திட்டம் 2007 முதல் உண்டு. மலாக்காவில் சொக்சோவின் மறுவாழ்வு மையமும் இயங்குகிறது. 2019 முதல் அயல்நாட்டுத் தொழிலாளருக்கும் வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு. நம்முடன் கொழுந்தெடுக்கும் அவர்களையும் மறவாதீர்கள்.

கிராணிமார்களே! விபத்து நடந்த நாள், நேரம், இடம், சாட்சி ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள். நாம் எழுதாத ஒரு வரியால் ஒரு குடும்பத்தின் சோறு போகலாம்.

ஓய்வு பெற்ற தாய் வீட்டில் விழுந்தால் இந்த வேலை விபத்துப் பணம் கிடையாது. அவருக்கு நம் தோளே துணை. நாள்தோறும் கைகொடுத்து நான்கடி நடத்துங்கள். நாளை அவரே வாசல்வரை வருவார்.